ரீபில்டில் இருக்கும் பேஸ்பால் அணியின் ஜெனரல் மேனேஜரை மதிப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி ரீபில்டில், அதாவது கலைத்துவிட்டு இளம் வீரர்களை வைத்து மீண்டும் கட்டுவதில், இறங்கிவிட்டால், அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்கு அதன் வெற்றி தோல்விக் கணக்கை வைத்து ஜெனரல் மேனேஜரை (வீரர்களைச் சேர்ப்பதும் விடுவதும் இவர் பொறுப்பு) எடைபோட முடியாது. தோற்பதும் திட்டத்தில் ஒரு பகுதி. அப்படியென்றால் எதை வைத்து எடைபோடுவது?

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸில் ஜெஃப் லூனோ ஜெனரல் மேனேஜராக இருந்த காலத்தை எடுத்துக்கொண்டு இந்த வேலையை முழுதாகச் செய்து பார்த்தேன். அப்புறம் சிகாகோவின் இரண்டு அணிகளுக்கும் செய்தேன். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கடைசியில் என்ன ஆனது என்பதைத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி மார்க் போட்டுக்கொண்டே வருகிறார்கள். 2017இல் ஹூஸ்டனுக்குக் கோப்பை வந்துவிட்டது, அதனால் 2013இல் செய்ததெல்லாம் சரி என்றாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க ஒரே வழி, கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போவதுதான். விளைவைப் பார்ப்பது கடைசியில்தான் வரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வரி. தேதி, என்ன முடிவு, அன்று என்ன தெரிந்திருந்தது, வேறு என்ன வழி இருந்தது, என்ன செலவு, யார் எடுத்த முடிவு என்று ஆறு கட்டங்கள். விளைவுக்கான கட்டத்தை ஏழாவதாக வைத்து, இப்போதைக்கு மறைத்துவிடுங்கள்.

அணியின் டிரேட் (வீரர் பரிமாற்றம்), ஒப்பந்தம், விடுவிப்பு எல்லாம் தேதிவாரியாக பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் கிடைக்கும். அதோடு அந்தந்த ஆண்டில் வெளியான டிராஃப்ட் (புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) கணிப்புகளையும் இளம் வீரர் தரவரிசைகளையும் தேடி எடுத்து வையுங்கள். இன்று எழுதப்பட்ட அலசல் எதையும் இப்போது படிக்காதீர்கள். படித்துவிட்டால், மூன்றாவது கட்டத்தில் நீங்கள் எழுதுவது இன்றைய அறிவாகவே இருக்கும்.

1. பூஜ்ஜிய நாளைக் குறியுங்கள்

கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது? பதவியேற்ற நாள் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். எல்லா நேரமும் அது பொருந்தாது.

லூனோவுக்குப் பொருந்தும். 2011 டிசம்பரில் வந்தார், வந்த அன்றே ரீபில்டுதான். சிகாகோ ஒயிட் சாக்ஸின் ரிக் ஹானுக்குப் பொருந்தாது. அவர் 2012 அக்டோபரிலேயே ஜெனரல் மேனேஜர் ஆகிவிட்டார். பிட்சர் (பந்து வீசுபவர்) கிறிஸ் சேலை பாஸ்டனுக்கு அனுப்பிய 2016 டிசம்பர் 6தான் அங்கே பூஜ்ஜிய நாள். அதற்கு ஆறு மாதம் முன்பு, ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற பிட்சருக்காக 17 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரை சான் டியேகோவுக்குக் கொடுத்திருந்தார்கள். அது பெரிய தவறுதான். ஆனாலும் ரீபில்ட் கணக்கில் வராது, தனித் தாளில் எழுத வேண்டும். ஜெயிக்க நினைத்த காலத்தின் முடிவையும் கலைத்துக் கட்டிய காலத்தின் முடிவையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

2. கைக்கு வந்த சொத்தைத் தனியாக எழுதுங்கள்

பூஜ்ஜிய நாளில் அணியில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு பட்டியல். இதை விட்டுவிட்டால் பின்னால் வரும் எல்லாக் கூட்டலும் தப்பாகும்.

ஹூஸ்டன் பட்டியலைப் பாருங்கள். 2017இல் அமெரிக்கன் லீக் (மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) எம்விபி (சிறந்த வீரர்) விருது வாங்கிய ஹோசே அல்டூவே, சுமார் 15,000 டாலருக்கு வெனிசுவேலாவிலிருந்து வந்து சேர்ந்தது 2007இல். அதே ஆண்டு இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் எம்விபி ஆன ஜார்ஜ் ஸ்பிரிங்கர், 2011 டிராஃப்டில் 11வது தேர்வு. 2015இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய டாலஸ் கைக்கல், 2009 டிராஃப்டின் ஏழாவது சுற்று. மூவரும் லூனோ கதவைத் திறந்து உள்ளே வரும்போதே இருந்தவர்கள். இவர்களை அவர் கணக்கில் வரவு வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

ஆனால் இவர்களைச் சுத்தமாக நீக்கிவிடுவதும் தவறு. 2013 ஜூலையில் அல்டூவேவுக்கு நான்கு ஆண்டு, 1.25 கோடி டாலர் ஒப்பந்தம் போடப்பட்டது. கூடவே, அணி விரும்பினால் நீட்டிக்கொள்ள மேலும் இரண்டு ஆண்டுகள். அது லூனோவின் முடிவு. அதனால் அல்டூவேவைக் கண்டெடுத்தது முந்தியவர் வரவு, மலிவாகத் தக்கவைத்தது இவர் வரவு. ஒரே ஆளுக்கு இரண்டு வரிகள்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. முதல் ஆண்டு டிராஃப்டில் கிடைக்கும் உயர்ந்த இடமும் பழைய சொத்துதான். 2012இல் ஹூஸ்டனுக்கு முதல் தேர்வு கிடைத்தது, லூனோ வருவதற்கு முன் 2011இல் தோற்ற 106 ஆட்டங்களால். பால்டிமோர் ஜெனரல் மேனேஜர் மைக் இலையஸ் 2019இல் ஆட்லி ரட்ச்மனை முதலாவதாக எடுத்ததும் அப்படித்தான். முந்தைய ஆண்டின் 115 தோல்விகள் அவர் வருவதற்கு முன்பே பதிவாகியிருந்தன. அந்த இடத்தில் யாரை எடுத்தார், எவ்வளவுக்கு எடுத்தார் என்பது மட்டுமே இவர் கணக்கு.

3. முதலாளியின் முடிவுகளைப் பிரித்தெடுங்கள்

ஆறாவது கட்டம் இதற்காகத்தான். பட்ஜெட்டைத் தீர்மானிப்பது முதலாளி. சில இடங்களில் மேனேஜரை (ஆட்டத்தின்போது அணியை நடத்துபவர்) நியமிப்பதும் அவரே.

ஒயிட் சாக்ஸ் 2020 அக்டோபரில் டோனி லா ருஸாவை மேனேஜராகக் கொண்டுவந்தது. அது முதலாளி ஜெர்ரி ரெயின்ஸ்டார்ஃபின் விருப்பம் என்று அப்போதே பரவலாகப் பேசப்பட்டது. அந்த வரியை ஹான் தலையில் கட்டுவது நியாயமாகாது.

மயாமி மார்லின்ஸ் இன்னும் தெளிவான உதாரணம். 2017இல் புதிய முதலாளிகள் வந்தார்கள், சம்பளச் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஜான்கார்லோ ஸ்டான்டன் யாங்கீஸுக்குப் போனார். அது பணத்துக்காக நடந்த டிரேட், திரும்பி வந்த வீரர்களை வைத்து அலுவலகத்தின் (ஜெனரல் மேனேஜரும் அவர் குழுவும்) திறமையை அளக்க முடியாது. கிறிஸ்டியன் யெலிச்சை மில்வாக்கிக்கு விற்றதும் மார்செல் ஓசூனாவை செயின்ட் லூயிஸுக்கு விற்றதும் வேறு. விற்பது என்று ஆனபின் யாரைக் கேட்டு வாங்குவது என்பது அலுவலகத்தின் கையில் இருந்தது. யெலிச்சுக்கு ஈடாக வந்தவர்கள் நிலைக்கவில்லை, அவரோ அடுத்த ஆண்டே எம்விபி ஆனார். ஓசூனாவுக்கு ஈடாக சாண்டி அல்கான்டராவும் ஸாக் கேலனும் வந்தார்கள். அல்கான்டரா 2022இல் சை யங் வாங்கினார். ஒரே குளிர்காலம், ஒரே அலுவலகம். ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

4. டிராஃப்டை ஆளாகப் பார்க்காமல் பணமாகப் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாகும். ஆகட்டும்.

2012 முதல் ஒவ்வொரு அணிக்கும் டிராஃப்டின் முதல் பத்துச் சுற்றுகளுக்கு ஒரு மொத்த போனஸ் தொகை உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பு, அதற்கு ஸ்லாட் என்று பெயர். ஒருவரிடம் மிச்சம் பிடித்தால் இன்னொருவருக்குக் கூட்டித் தரலாம். மொத்தத்தை 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வு பறிபோகும்.

2012இல் முதல் இடத்தின் ஸ்லாட் 72 லட்சம் டாலர். ஹூஸ்டன் அந்த இடத்தில் கார்லோஸ் கொரேயாவை எடுத்து 48 லட்சத்துக்கு ஒப்பந்தம் போட்டது. மிச்சம் 24 லட்சம். கல்லூரிக்குப் போய்விடுவார் என்று மற்ற அணிகள் தயங்கிய லான்ஸ் மெக்கல்லர்ஸ் 41வது இடம்வரை இறங்கி வந்தார். அந்த இடத்தின் ஸ்லாட் சுமார் 12.6 லட்சம்தான், ஆனால் அவருக்கு 25 லட்சம் கொடுக்க முடிந்தது. நான்காவது சுற்றில் ரியோ ரூயிஸுக்கும் ஸ்லாட்டைவிடப் பல மடங்கு தர முடிந்தது. ஆகவே கொரேயா, மெக்கல்லர்ஸ், ரூயிஸ் மூவரையும் ஒரே வரியில் எழுத வேண்டும். தனித்தனியாக எழுதினால் அந்த டிராஃப்டின் கெட்டிக்காரத்தனம் கண்ணில் படாது. என்னைப் பொறுத்தவரை லூனோவின் எட்டு ஆண்டுகளில் மிகத் தெளிவான நல்ல முடிவு இதுதான்.

அடுத்த ஆண்டு முதல் இடத்தில் மார்க் அப்பெல். இரண்டாவதாகக் கிறிஸ் பிரையன்ட் சிகாகோ கப்ஸுக்குப் போனார். பிரையன்ட் 2016இல் எம்விபி. அப்பெல் ஹூஸ்டனுக்காக ஓர் ஆட்டம்கூட மேஜர் லீகில் ஆடவில்லை. இதைப் பார்த்ததும் எல்லோரும் பூஜ்ஜியம் போடுகிறார்கள். ஸ்ப்ரெட்ஷீட்டின் மூன்றாவது கட்டத்துக்குப் போங்கள். அன்றைய கணிப்புகளில் அப்பெல், ஜோனதன் கிரே, பிரையன்ட் மூவரும் உச்சியில் நெருக்கமாக இருந்தார்கள். தேர்வு தோற்றது, ஆனால் முடிவு அறிவில்லாத முடிவு இல்லை. நடுத்தர மார்க் போதும்.

2014தான் சிக்கலானது. முதல் இடத்தில் பிராடி எய்க்கன். 65 லட்சத்துக்குப் பேசி முடித்த பின், மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநாரில் சந்தேகம் வந்து ஹூஸ்டன் தொகையைக் குறைத்தது. எய்க்கன் கையெழுத்துப் போடவில்லை. அவரிடம் மிச்சம் பிடித்த பணத்தை நம்பி ஜேக்கப் நிக்ஸுக்குக் கொடுத்த வாக்கும் அதோடு போனது. ஈடாக 2015இல் இரண்டாவது தேர்வு கிடைத்தது. அதில் வந்தவர் அலெக்ஸ் பிரெக்மன். எய்க்கனுக்கு 2015 மார்ச்சில் முழங்கை அறுவைச் சிகிச்சை நடந்தது, மேஜர் லீகுக்கு வரவேயில்லை.

பிரெக்மன் வந்ததால் எல்லாம் சரி என்று எழுதாதீர்கள். இங்கே மூன்று வரிகள் உண்டு. மருத்துவக் கணிப்பு: சரியாக இருந்தது. கிடைத்த ஈட்டைப் பயன்படுத்தியது: மிக நன்று. ஒரு பள்ளி முடித்த பையனிடம் ஒப்புக்கொண்ட வாக்கைக் காக்காதது: மோசம். ஏஜென்ட்டுகளும் பெற்றோரும் அதை மறக்க மாட்டார்கள். மூன்றாவது வரிக்கு எண் கிடைக்காது என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது.

டிராஃப்டில் இன்னொரு பிழை, பின்னால் வந்த ஒரு மேதையைக் காட்டி இவரை ஏன் விட்டாய் என்று கேட்பது. 2009இல் மைக் டிரவுட் 25வது இடத்தில் போனார். அவரை எடுத்த ஏஞ்சல்ஸ் அணியே அதற்கு முந்தைய 24வது இடத்தில் ரேண்டல் கிரிச்சக்கைத்தான் எடுத்தது. ஒப்பிடுவதானால், உங்கள் அணி எடுத்த இடத்துக்கு அடுத்த ஐந்து ஆறு இடங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

5. டிரேடில் கட்டுப்பாட்டு ஆண்டுகளை மட்டும் எண்ணுங்கள்

ஒரு வீரர் மேஜர் லீகில் ஆறு ஆண்டு சர்வீஸ் முடிக்கும்வரை அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார், அதன்பின் யாரோடும் பேசலாம். 172 நாள் ஓர் ஆண்டாகக் கணக்கு. டிரேடில் உண்மையில் கைமாறுவது இந்த மிச்ச ஆண்டுகள்தான். ஒருவர் விளையாட்டு வாழ்க்கை முழுக்கச் சேர்த்த 'வார்' எண்ணை (எளிதில் கிடைக்கும் மாற்று ஆளைவிட எத்தனை வெற்றி கூடத் தந்தார் என்ற கணிப்பு) அப்படியே தூக்கி இரு பக்கமும் போடுவது தப்பு.

கப்ஸின் 2013 ஜூலை டிரேட் பாடமாக வைத்துப் படிக்கத் தகுந்தது. பிட்சர் ஸ்காட் ஃபெல்ட்மனை ஓராண்டு, 60 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். ஜூலையில் அவரையும் ஸ்டீவ் கிளெவெஞ்சரையும் பால்டிமோருக்குக் கொடுத்து ஜேக் அரியெட்டா, பெட்ரோ ஸ்ட்ரோப் இருவரையும் எடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஒப்பந்தம் முடியப்போகும் ஒருவருக்குப் பதிலாகப் பல ஆண்டுக் கட்டுப்பாடு. அரியெட்டா அந்த ஆண்டு பால்டிமோரில் 7.23 ரன் சராசரியோடு (ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் கொடுக்கும் ரன், குறைவாக இருந்தால் நல்லது) தடுமாறிக்கொண்டிருந்தார். 2015இல் சை யங் வாங்கினார். அந்த விருதைக் கண்ணில் காணும் முன்பே, கட்டுப்பாட்டு ஆண்டுகளை எண்ணினாலே, இது நல்ல டிரேட் என்று தெரிந்துவிடும். அதுதான் இந்தப் படியின் பயன்.

6. விட்டுக்கொடுத்தவர்களையும் எழுதுங்கள்

வாங்கியவர்கள் பட்டியல் எளிது. விடுவித்தவர்கள் பட்டியலை யாரும் போடுவதில்லை.

ஹூஸ்டன் 2014 மார்ச்சில் ஜே.டி. மார்ட்டினெஸை விடுவித்தது. 2013இல் அவர் ஆட்டம் மோசம், பேட்டிங் சராசரி .250. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் பேட் சுழற்றும் முறையையே மாற்றிக்கொண்டு வந்திருந்தார். வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்தது 18 அட்-பேட் (பேட் செய்யும் வாய்ப்பு) மட்டும்தான். டெட்ராய்ட் மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை) ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே .315 சராசரி, 23 ஹோம்ரன்.

இதற்கு மோசமான மார்க் தருகிறேன், காரணம் அந்த 23 ஹோம்ரன் இல்லை. அந்த ஆண்டு ஹூஸ்டனுக்கு ஜெயிக்க வேண்டிய கட்டாயமே கிடையாது. இழப்பில்லாமல் ஒருவரைச் சோதித்துப் பார்க்க ரீபில்டைவிட நல்ல காலம் எது? பார்க்காமலே அனுப்பியதுதான் பிழை. நஷ்டக் கணக்கை 2017ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருந்திருந்தாலும் அதன்பின் அவர் போயிருப்பார்.

எதிர்ப்பக்கம் வேய்வரில் (ஓர் அணி கைவிடும் வீரரை இன்னோர் அணி எடுத்துக்கொள்ளும் வழி) வந்தவர்கள். 2013 டிசம்பரில் கொலராடோ கைவிட்ட காலின் மெக்ஹியூவை ஹூஸ்டன் எடுத்தது. 2014இல் அவர் ரன் சராசரி 2.73. இப்படிப்பட்ட சின்ன வரிகள் ஐம்பது அறுபது சேரும்போதுதான் ஓர் அலுவலகத்தின் கண் எவ்வளவு கூர்மை என்று தெரியும்.

7. அணி முன்னேறுகிறதா என்று ரன்னை வைத்துப் பாருங்கள்

இப்போதுதான் வெற்றி எண்ணிக்கையைத் தொடுகிறோம். அதையும் நேராக எடுக்கக் கூடாது. அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்தது கொடுத்தது இரண்டின் வர்க்கக் கூட்டுத்தொகையால் வகுங்கள். அதை ஒரு சீசனின் ஆட்ட எண்ணிக்கையான 162ஆல் பெருக்கினால் எதிர்பார்க்கத்தக்க வெற்றி கிடைக்கும்.

ஜெரி டிபோட்டோவின் சியாட்டில் மரினர்ஸ் 2021இல் 90 ஆட்டம் ஜெயித்தது. அடித்தது 697, கொடுத்தது 748. கணக்குப் போட்டால் வருவது 75 வெற்றி. 2022இலும் அதே 90. அடித்தது 690, கொடுத்தது 623. கணக்கில் 89. பட்டியலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், முதல் ஆண்டு நெருக்கமான ஆட்டங்களில் அதிர்ஷ்டம், இரண்டாவது ஆண்டு உண்மையான அணி. 2021ஐப் பார்த்து ரீபில்ட் முடிந்துவிட்டது என்று எழுதியவர்கள் ஓராண்டு முந்திவிட்டார்கள்.

8. தோல்வியின் விலையை அந்தக் காலத்து விதியில் அளவிடுங்கள்

ஹூஸ்டன் 2012இல் 107, 2013இல் 111 தோற்றது. அப்போது கடைசி இடத்துக்கு முதல் தேர்வு உறுதி, 2012, 2013, 2014 மூன்று ஆண்டும் அதுவே கிடைத்தது. 2023 டிராஃப்ட் முதல், உயர்ந்த இடங்களைக் குலுக்கலில் தீர்மானிக்கும் லாட்டரி வந்துவிட்டது. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் தலா 16.5 சதவீத வாய்ப்புதான். ஒயிட் சாக்ஸ் 2024இல் 121 தோற்றும், முந்தைய ஆண்டு லாட்டரியில் இடம்பெற்ற பெருநகர அணி அடுத்த ஆண்டும் அதில் இடம்பெற முடியாது என்பதால், 2025இல் 10வது தேர்வுதான் பெற்றது. பழைய ஹூஸ்டன் வழியை இன்று ஒருவர் பின்பற்றினால் அது வேறு மார்க்.

9. எப்போது திரும்பினார் என்று பாருங்கள்

பிரிப்பது எல்லோருக்கும் வரும், சேர்ப்பதுதான் கடினம். கப்ஸின் அலுவலகத்தை நடத்திய தியோ எப்ஸ்டீனும் ஜெட் ஹோயரும் அணியை 2014இல் 73 வெற்றியில் வைத்திருந்தபோதே, அந்த டிசம்பரில் பிட்சர் ஜான் லெஸ்டருக்கு ஆறு ஆண்டு, 15.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 97, அதற்கடுத்து 103 வெற்றியும் கோப்பையும். இளம் வீரர்கள் மலிவாக இருக்கும் ஆண்டுகள் குறைவு என்பதைக் கணக்கிட்டுத் திரும்பினார்கள்.

ஒயிட் சாக்ஸ் பிரித்தபோது நல்ல மார்க் வாங்கியது. சேலுக்கு ஈடாக மொன்காடா, கோபெக். கின்டானாவுக்கு எலாய் ஹிமெனெஸ், டிலன் சீஸ். ஈட்டனுக்கு ஜியோலிட்டோ. 2021இல் 93 வெற்றி. அப்புறம் 81, அப்புறம் 61. காயங்களும் உண்டு, ஆனால் அந்த முக்கிய இளம் வீரர்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியவர்களை வெளியிலிருந்து போதுமான அளவு சேர்க்கவில்லை. 2023 ஆகஸ்டில் ஹான் நீக்கப்பட்டார். டிரேடுகளுக்கு உயர்ந்த மார்க்கும் இந்தப் படிக்குக் குறைந்த மார்க்கும் ஒரே தாளில் இருக்கலாம். சராசரி எடுத்து மழுப்ப வேண்டாம்.

10. விதிமீறலை அதன் வரியிலேயே வையுங்கள்

2020 ஜனவரி 13 அன்று, எதிரணியின் சைகைகளைக் கேமரா வழியே திருடியதற்காக ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் ஹூஸ்டனுக்குத் தண்டனை அறிவித்தார். லூனோவுக்கு ஓராண்டுத் தடை, அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம், 2020, 2021 இரண்டு ஆண்டுகளின் முதல் இரு சுற்றுத் தேர்வுகளும் பறிமுதல். அன்றே அணி அவரை நீக்கியது.

கோப்பையிலிருந்து இதைக் கழித்து ஒரு எண் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அப்படிக் கழிக்க முடியாது. பறிபோன நான்கு தேர்வுகளை மட்டும் அவர் சொத்துக் கணக்கில் பற்று எழுதலாம், ஏனென்றால் அவற்றின் விலையை அடுத்து வந்தவர் கொடுத்தார். மீதியைத் தனி வரியாக, கொட்டை எழுத்தில், தாளின் மேலேயே வையுங்கள். கொரேயா டிராஃப்ட் நல்ல முடிவாகவே இருக்கும். 2017 கோப்பையின் மேல் விழுந்த கறையும் அப்படியே இருக்கும்.

11. இப்போது ஏழாவது கட்டத்தைத் திறங்கள்

ஒவ்வொரு வரிக்கும் எப்போது விளைவு பார்ப்பது என்று முன்கூட்டியே தேதி போட்டிருக்க வேண்டும். வேய்வரில் எடுத்தவருக்கு ஓராண்டு போதும். டிரேடுக்கு மூன்று. பள்ளியிலிருந்து நேராக டிராஃப்டில் வந்தவருக்கு ஐந்து, சில பிட்சர்களுக்கு ஆறு. தேதி வராத வரியைத் திறக்காதீர்கள், காலியாகவே இருக்கட்டும்.

திறந்தபின் நீங்கள் போட்ட மார்க்கை மாற்ற ஆசை வரும். மாற்றாமல் பக்கத்தில் இன்னொரு மார்க் போடுங்கள். முடிவுக்கு ஒன்று, விளைவுக்கு ஒன்று. அப்பெல் வரியில் முதலாவது நடுத்தரம், இரண்டாவது பூஜ்ஜியம். எய்க்கன் வரிகளில் ஒன்று மோசம், இரண்டு நன்று. இரண்டு மார்க்கும் பல வரிகளில் ஒரே திசையில் தொடர்ந்து விலகினால், அப்போது அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அதற்கு எனக்குக் குறைந்தது நாற்பது வரிகளாவது தேவைப்பட்டன.